பத்திரிகைத் தொழில் எம்.ஏ. படிப்பான கதை

இந்த ஆண்டு எங்கள் தெருவில் மட்டும் இரண்டு பிள்ளைகள் தொடர்பியல், ஊடகவியல் என்று எம்.ஏ. சேர்ந்திருக்கிறார்கள். அதில் ஒரு பெண்ணின் தாத்தா என்னோடு கடற்கரைச் சாலையில் காலை நடை வருபவர். "பேப்பரில் எழுதுவதற்கு எம்.ஏ. எதற்கு சார்? தமிழ் தெரிந்தால் போதாதா? டி.வி.யில் மைக் பிடிக்க இரண்டு வருஷப் படிப்பா?" என்று கேட்டார். பணம் கட்டுகிறவர் அவர். கேட்க உரிமை உண்டு. நடக்கிற வேகத்தில் சொல்லி முடிகிற விஷயமில்லை என்பதால் வீட்டுக்கு வந்து, பழைய பிரெஞ்சுப் புத்தகங்களையும் என் குறிப்பு நோட்டுகளையும் எடுத்து வைத்துக்கொண்டு எழுதினேன். கொஞ்சம் நீளம்தான். அன்பர்கள் பொறுத்தருள வேண்டும்.

முதலில் நம் பக்கத்தைப் பார்ப்போம். 1878 செப்டம்பர் 20 அன்று சென்னையில் 'தி இந்து' வார இதழாக வெளிவந்தது. தொடங்கியவர்கள் ஆறு இளைஞர்கள். இரண்டு பேர் ஆசிரியர்கள், நான்கு பேர் சட்டம் படித்துக்கொண்டிருந்தவர்கள். ஒரு ரூபாய் பன்னிரண்டு அணா கடன் வாங்கி எண்பது பிரதி அச்சடித்தார்கள் என்பது எல்லோரும் அறிந்த கதை. அவர்களில் ஒருவரான ஜி. சுப்பிரமணிய ஐயர் 1882 இல் 'சுதேசமித்திரன்' தொடங்கினார். 1904 இல் அந்த மித்திரனுக்கு உதவி ஆசிரியராக வந்து சேர்ந்தவர் பாரதியார். ஆங்கிலச் செய்திகளைத் தமிழில் பெயர்த்து எழுதுவதுதான் அவருக்கு முக்கியமான வேலை. ஐயர் வேலை வாங்கினார், பாரதி கற்றுக்கொண்டார். இவர்கள் யாரும் பத்திரிகைத் தொழிலுக்கென்று ஒரு பள்ளியின் வாசற்படியை மிதித்தவர்கள் அல்லர். அப்படி ஒரு பள்ளியே அப்போது இந்தியாவில் கிடையாது.

நாங்கள் அரசாங்க வேலைக்கு வந்ததும் அப்படித்தானே? நோட் போடுவது, டிராஃப்ட் எழுதுவது, ஃபைல் கட்டுவது எல்லாம் பக்கத்து நாற்காலியில் இருந்த சீனியர் சொல்லிக் கொடுத்தது. பிரெஞ்சு வழியில் படித்து வந்த எனக்கு ஆங்கில டிராஃப்ட் எழுதக் கற்றுக் கொடுத்த சூப்பிரண்டென்ட், சிவப்பு மையால் என் வாக்கியங்களை அடித்த அடி இன்னும் கண்ணில் நிற்கிறது. ஆகவே வேலையில் சேர்ந்துதான் வேலையைக் கற்க முடியும் என்று நண்பர் சொல்வதில் உண்மை உண்டு. ஆனால் கதை அதோடு முடியவில்லை.

இந்தத் தொழிலைப் பள்ளியில் வைத்துச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் எப்போதெல்லாம் எழுந்தது என்று வரிசையாகப் பார்த்தால் எனக்கு ஒன்று தெரிகிறது. பெரும்பாலும் பத்திரிகைகள் ஏதாவது தலைக்குனிவைத் தேடிக்கொண்ட பிறகோ, அல்லது ஒரு பெரிய நெருக்கடி வந்த பிறகோதான் அந்த எண்ணம் வந்திருக்கிறது. யாரும் சும்மா உட்கார்ந்திருந்து யோசித்துப் பள்ளி திறக்கவில்லை.

அமெரிக்காவில் ஜோசப் புலிட்சர் என்ற பத்திரிகை முதலாளி இருந்தார். ஹங்கேரியிலிருந்து பிழைக்க வந்தவர். அவரும் ஹெர்ஸ்ட் என்ற இன்னொரு முதலாளியும் நியூயார்க்கில் விற்பனைக்காகப் போட்டி போட்டுக்கொண்டு, கொட்டை எழுத்துத் தலைப்பும் பரபரப்புமாகப் பத்திரிகை நடத்தினார்கள். 'மஞ்சள் பத்திரிகை' என்று நாம் இன்றும் திட்டுகிற சொல் அந்தப் போட்டியில் பிறந்ததுதான். 1898 இல் ஸ்பெயினோடு போர் மூண்டதில் இந்தப் பத்திரிகைகளின் கூச்சலுக்கும் பங்கு உண்டு என்பார்கள். அதே புலிட்சர், கண்பார்வை ஏறக்குறைய போய்விட்ட நிலையில், நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு இருபது லட்சம் டாலர் தருகிறேன், இதழியல் பள்ளி ஒன்று வையுங்கள் என்றார். 1892 இல் ஒரு முறை கேட்டபோது பல்கலைக்கழகம் வேண்டாம் என்றது. 1903 இல் ஒத்துக்கொண்டது. பள்ளி திறந்தது 1912 இல். அதற்கு முந்தின ஆண்டே புலிட்சர் காலமாகிவிட்டார். 1935 இல் அது பட்டம் பெற்றவர்களை மட்டும் சேர்க்கிற முதுகலைப் பள்ளியாக மாறியது. இன்று நம் பிள்ளைகள் படிக்கிற எம்.ஏ.வுக்கு இதுவும் ஒரு மூதாதை.

கொலம்பியாவை முந்திக்கொண்டு 1908 இலேயே மிசௌரி பல்கலைக்கழகம் இதழியல் பள்ளி திறந்துவிட்டது. அதன் முதல் தலைவர் வால்ட்டர் வில்லியம்ஸ். அவர் கல்லூரிப் பட்டம் எதுவும் பெறாதவர்! அச்சகத்தில் எழுத்துக் கோத்துத் தொழில் கற்றவர். பிற்காலத்தில் அதே பல்கலைக்கழகத்துக்கே தலைவரானார். பட்டமில்லாத ஒருவர் பட்டப்படிப்பைத் தொடங்கி வைத்தார் என்பதை என் நடை நண்பர் கேட்டால் சந்தோஷப்படுவார்.

இனி பிரான்சுக்கு வருகிறேன். இது எனக்குக் கொஞ்சம் பழகிய ஊர், புத்தகத்தின் வழியாக.

1894 இல் ஆல்ஃபிரெட் திரேஃபுஸ் என்ற யூத ராணுவ அதிகாரியை, ஜெர்மனிக்கு உளவு சொன்னதாகப் பொய்க் குற்றம் சாட்டித் தண்டித்தார்கள். இந்த வழக்கு பிரான்சையே இரண்டாகப் பிளந்தது. ஒரு பக்கம் யூத வெறுப்பையே முதலாக வைத்து வியாபாரம் செய்த பத்திரிகைகள். 'லா லிப்ர் பரோல்' அவற்றில் பேர் போனது. இன்னொரு பக்கம், 1898 ஜனவரி 13 அன்று 'லோரோர்' பத்திரிகையின் முதல் பக்கத்தில் எமீல் சோலா குடியரசுத் தலைவருக்கு எழுதிய பகிரங்கக் கடிதம். லிசேயில் படித்தவர்களுக்கு இதை நினைவூட்ட வேண்டியதில்லை. தலைப்பே மனப்பாடமாக இருக்கும். ஒரே காகிதம், ஒரே மை. ஒருவன் கையில் அது நிரபராதியைத் தீவாந்தரம் அனுப்புகிறது, இன்னொருவன் கையில் அவனை மீட்கிறது.

அந்தக் கொந்தளிப்பு அடங்குவதற்குள், 1899 இல், பாரிஸில் ஓர் இதழியல் பள்ளி தொடங்கப்பட்டது. தொடங்கியவர் ஒரு பெண்மணி. ஆண் பெயர் போலத் தோன்றும் திக் மே என்ற புனைபெயரில் எழுதிய ழான் வேய். அல்ஜியர்ஸில் இருந்த ஒரு யூத குருவின் மகள், திரேஃபுஸ் பக்கம் நின்றவர். உலகின் முதல் இதழியல் பள்ளி அதுதான் என்று பிரெஞ்சுக்காரர்கள் சொல்லிக்கொள்வார்கள். அமெரிக்கர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். இந்தச் சண்டையில் நமக்கு வேலையில்லை.

இங்கே புதுவைக்காரன் என்ற முறையில் ஒரு வார்த்தை. பிரான்சில் 1881 ஜூலை 29 அன்று வந்த பத்திரிகைச் சுதந்திரச் சட்டம் குடியேற்ற நாடுகளுக்கும் பொருந்தியது. அதனால்தான் 1908 இல் சென்னையில் கைது அபாயம் வந்தபோது பாரதியாரும் 'இந்தியா' பத்திரிகையும் இங்கே வந்து நிலைகொள்ள முடிந்தது. பிரிட்டிஷ் எல்லைக்குள் அந்த இதழ் வரக் கூடாது என்று வெள்ளைக்காரன் தடுத்த பிறகுதான், 1910 இல், படுத்துப்போயிற்று. எங்கள் ஊர்த் தெருக்களைச் சுற்றிக் காட்டுகிறவர்கள் பாரதி வீட்டைக் காட்டுகிறார்கள். இந்தச் சட்டத்தைப் பற்றி யாரும் சொல்வதில்லை. ஒரு நாள் தனியாக எழுத ஆசை.

நம் நாட்டில் இதழியலை முதலில் பாடமாக வைத்தது சென்னையில்தான். அன்னி பெசன்ட் அம்மையார் அடையாறில் தேசியப் பல்கலைக்கழகம் நடத்தினார். வேந்தர் ரவீந்திரநாத் தாகூர். அங்கே 1920 இல் இதழியல் வகுப்பு தொடங்கியது. மாணவர்கள் செய்முறைப் பயிற்சிக்கு அம்மையாரின் 'நியூ இந்தியா' அலுவலகத்துக்குப் போனார்கள். அந்தப் பத்திரிகையிடம் சில ஆண்டுகளுக்கு முன்புதான் அரசாங்கம் ஜாமீன் பணம் கேட்டு வாங்கிப் பறிமுதல் செய்திருந்தது. 1917 இல் அம்மையாரையே ஊட்டியில் காவலில் வைத்திருந்தது. அப்படிப்பட்ட இடத்தில் பயிற்சி என்றால் பிள்ளைகள் என்ன கற்றிருப்பார்கள் என்று ஊகிக்கலாம். பிறகு 1938 இல் அலிகாரில், அப்போதைய துணைவேந்தர் சர் ஷா முகமது சுலைமான் முயற்சியில் ஒரு சான்றிதழ் வகுப்பு. அது இரண்டே ஆண்டில் நின்றுவிட்டது.

நிலைத்து நின்றது லாகூர். 1941 இல் பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் பி.பி. சிங் என்ற பேராசிரியர் இதழியல் துறையைத் தொடங்கினார். அன்றைய லாகூர் பத்திரிகைகள் நிறைந்த ஊர். உருது, ஆங்கிலம், இந்தி, பஞ்சாபி எல்லாவற்றிலும் தினசரிகள். நம் 'டிரிப்யூன்' பத்திரிகையும் அங்கேதான் பிறந்தது. ஆறே ஆண்டுகளில் நாடு பிளந்தது. 'டிரிப்யூன்' லாகூரை விட்டு சிம்லாவுக்கும் பிறகு அம்பாலாவுக்கும் ஓடி வந்தது. பல்கலைக்கழகமும் இரண்டானது. பேராசிரியர் சிங்கும் அவருடைய துறையும் டெல்லிக்கு வந்தார்கள். பதினைந்து ஆண்டுகள் போல டெல்லியில் இருந்துவிட்டு, 1962 இல்தான் சண்டிகருக்குப் போனது. நடுவே அதற்குச் சொந்த ஊர் இல்லை. அன்றைய வட இந்தியப் பத்திரிகைகளில் வேலைக்கு வந்த பலர் அங்கே படித்தவர்கள்.

இதை நான் ஏன் விரித்துச் சொல்கிறேன் என்றால், பிரிவினையின்போது லாகூர், அமிர்தசரஸ் பத்திரிகைகளில் வந்த செய்திகள், வதந்திகள் எத்தனை வீடுகளை எரித்தன என்று அந்தப் பக்கத்துப் பெரியவர்கள் எழுதிய நினைவுகளில் படித்திருக்கிறேன். செய்தியை எப்படிச் சரிபார்ப்பது என்று சொல்லிக் கொடுக்கிற ஒரு வகுப்பு, அதே நெருப்பிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு வெளியே வந்தது. இதற்கு மேல் நான் ஒன்றும் சொல்ல வேண்டாம்.

மற்ற ஊர்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1947 இல் பட்டயப் படிப்பு வந்தது. மைசூர் மகாராஜா கல்லூரியில் 1951 இல் நாடிக் கிருஷ்ணமூர்த்தி இதழியலைப் பட்டப்படிப்பின் பாடமாக்கினார். நாகபுரி ஹிஸ்லாப் கல்லூரியில் 1952 இல், ரோலண்ட் வூல்ஸ்லி என்ற அமெரிக்கப் பேராசிரியர் வந்திருந்து வகுப்பு தொடங்க உதவினார். ஹைதராபாத் உஸ்மானியாவில் 1954. இவை எல்லாம் 'இதழியல்' படிப்புகள். 'தொடர்பியல்' என்ற பெயர் இன்னும் வரவில்லை.

அந்தப் பெயர் போரிலிருந்து வந்தது.

வில்பர் ஷ்ராம் என்று ஓர் அமெரிக்கர். 1907 இல் ஒஹையோ மாநிலத்தில் பிறந்தவர். ஐந்து வயதில் தொண்டையில் ஓர் அறுவை சிகிச்சை செய்யப்போய் அதிலிருந்து திக்குவாய் ஆகிவிட்டது. பள்ளி இறுதி விழாவில் முதல் மாணவன் சொற்பொழிவு ஆற்ற வேண்டும். இவர் பேச முடியாமல் புல்லாங்குழல் வாசித்துவிட்டு இறங்கினாராம். ஐயோவா பல்கலைக்கழகத்தில் திக்குவாய்க்கு வைத்தியம் உண்டு என்று அங்கே போனார். ஆங்கில இலக்கியத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார், கதை கவிதை எழுதக் கற்றுக் கொடுக்கும் புகழ்பெற்ற பட்டறையை நடத்தினார். 1941 இல் ஜப்பான் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கியதும் வாஷிங்டனுக்குப் போய் அரசாங்கத்தின் போர்க்காலச் செய்தி அலுவலகத்தில் சேர்ந்தார். மக்களிடம் எதை, எப்படிச் சொன்னால் கேட்பார்கள் என்று உளவியல்காரர், சமூகவியல்காரர், அரசியல் அறிஞர் எல்லாரும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசிய காலம் அது. 1943 இல் ஐயோவாவுக்குத் திரும்பியபோது நூலகர் வேலைதான் அவர் எதிர்பார்த்தது. கிடைத்தது இதழியல் பள்ளியின் தலைவர் பதவி. அங்கே வாஷிங்டன் மேசையைப் போலவே ஒரு படிப்பை அமைத்தார்: வெகுஜனத் தொடர்பியலில் டாக்டர் பட்டம். பிறகு இல்லினாய், ஸ்டான்ஃபோர்டு என்று போன இடமெல்லாம் அதற்கென ஆராய்ச்சி நிலையம். வாய் திக்குகிற மனிதர், ஒருவர் சொல்வது இன்னொருவருக்கு எப்படிப் போய்ச் சேர்கிறது என்பதை உலகத்துக்கே பாடமாக்கினார்.

ஆகவே, இந்தப் படிப்பின் ஒரு கால் பிரசாரத்தில் ஊன்றியிருக்கிறது. அதை மறைக்க வேண்டியதில்லை. அரசாங்கம் சொல்வதை மக்கள் ஏற்கும்படி செய்வது எப்படி என்ற கேள்வியும், அரசாங்கம் சொல்வதை அப்படியே நம்பாமல் இருப்பது எப்படி என்ற கேள்வியும் ஒரே வகுப்பறையில்தான் நடத்தப்படுகின்றன. எந்த ஆசிரியர் கையில் மாட்டுகிறோம் என்பது பிள்ளைகளின் அதிர்ஷ்டம்.

ஏறக்குறைய அதே நேரத்தில் பிரான்சில் நடந்ததைச் சொல்ல வேண்டும். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

1940 ஜூனில் ஜெர்மானியர் பாரிஸைப் பிடித்தார்கள். நம் புதுவை, ஆளுநர் போன்வேன் காலத்தில், அந்த ஆண்டு செப்டம்பரிலேயே தெ கோல் பக்கம் சேர்ந்துகொண்டது. இங்கிருந்து போருக்குப் போன சொல்தாக்கள் வீட்டில் இன்றும் படம் மாட்டியிருக்கிறார்கள். ஆனால் பாரிஸில் பெரிய பத்திரிகைகள் பல ஜெர்மானியர் சொன்னபடி அச்சடித்துக்கொண்டு தொடர்ந்து வந்தன. யார் யார் யூதர் என்று பெயர் சொல்லிக் காட்டிக் கொடுத்த பத்திரிகைகளும் இருந்தன.

1941 இல் பிலீப் வியான்னே என்ற தத்துவ மாணவரும் அவர் நண்பர்கள் சிலரும் 'தெஃபான்ஸ் த லா பிரான்ஸ்' என்ற ரகசியப் பத்திரிகையைத் தொடங்கினார்கள். அச்சு இயந்திரத்தைக் கொண்டுபோய் வைத்த இடம் சோர்போன் பல்கலைக்கழகத்தின் நிலவறை! மேலே வகுப்பு நடக்கும், கீழே அச்சு ஓடும். நேர்மையாகச் சொன்னால், ஆரம்பத்தில் இவர்களுக்கு மார்ஷல் பெத்தேன் மீது கொஞ்சம் நம்பிக்கை இருந்தது. 1942 வாக்கில்தான் முழுக்கத் தெளிந்தார்கள். 1943 ஜூலை 14, தேசியத் திருநாள் அன்று பாரிஸ் மெட்ரோ ரயிலில் பட்டப்பகலில் பத்திரிகையைக் கையில் எடுத்துப் பயணிகளுக்கு விநியோகம் செய்தார்கள். அந்தத் துணிச்சலை நினைத்துப் பாருங்கள். அடுத்த வாரமே பலர் பிடிபட்டார்கள். பிடிபட்டவர்களில் ஒருவர் தெ கோலின் அண்ணன் மகள் ழெனெவியேவ். ராவென்ஸ்புரூக் வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டு உயிரோடு திரும்பினார். 1944 ஜனவரியில் இந்தப் பத்திரிகையின் ஓர் இதழ் நாலரை லட்சம் பிரதி அச்சானது. ரகசியப் பத்திரிகைக்கு அது எவ்வளவு பெரிய எண்ணிக்கை!

விடுதலை வந்ததும் கணக்கு தீர்க்கப்பட்டது. எதிரிக்குக் கீழே நடந்த பத்திரிகைகளை மூடினார்கள், அச்சகங்கள் எதிர்ப்பியக்கத்தார் கைக்குப் போயின. 'ல மோந்த்' 1944 டிசம்பரில் பிறந்தது இந்தச் சூழலில்தான். ரோபேர் பிரசியாக் என்ற பத்திரிகை ஆசிரியரை, அவர் எழுதிய எழுத்துக்காக, 1945 பிப்ரவரி 6 அன்று சுட்டுக் கொன்றார்கள். அவரை மன்னிக்கும்படி கேட்ட மனுவில் கமுய் கையெழுத்துப் போட்டார். பிரசியாக்கை வெறுத்தவர், ஆனால் மரண தண்டனையையும் வெறுத்தவர். தெ கோல் மன்னிக்கவில்லை. எழுதியதற்காக ஒருவனைக் கொல்லலாமா என்று கேட்டால், கூடாது என்றே நான் சொல்வேன். ஆனால் எழுத்து ஒன்றும் செய்யாது, வெறும் மைதானே என்று சொல்கிறவர்களுக்கு அந்த ஆண்டின் பாரிஸைக் காட்டலாம்.

வியான்னே அந்த நேரத்தில் பெரிய பதவிக்குப் போயிருக்கலாம். அவருடைய ரகசியப் பத்திரிகை 'பிரான்ஸ் சுவார்' என்ற பெரும் தினசரியாக மாறிவிட்டிருந்தது. அவரோ 1946 இல் ழாக் ரிஷே என்ற தோழரோடு சேர்ந்து பத்திரிகையாளர் பயிற்சி மையம் ஒன்றைத் தொடங்கினார். அடிபணிந்த தலைமுறையை நீக்கிவிட்டோம், இனி வருகிறவர்களை யார் தயார் செய்வது என்பதுதான் அவர்கள் கேள்வி. லூவர் தெருவில் வெகு காலம் நடந்த அந்தப் பள்ளி, பிரெஞ்சுப் பத்திரிகை உலகத்தில் பெரிய பெயர். அதே வியான்னே மறு ஆண்டில், போரில் களைத்துப்போன இளைஞர்களுக்காகப் பாய்மரப் படகு ஓட்டும் பள்ளி ஒன்றையும் தொடங்கினார் என்பது கூடுதல் செய்தி. அதுவும் இன்றுவரை நடக்கிறது.

ஆனால் பயிற்சிப் பள்ளி வேறு, எம்.ஏ.வில் படிக்கிற ஊடகவியல் வேறு. பின்னதன் வாசனை தெரிய ரோலான் பார்த் எழுதியதைப் படிக்க வேண்டும். 1960 இல் பாரிஸில் ழார்ழ் ஃப்ரீத்மான் வெகுஜனத் தொடர்பு ஆய்வு மையம் ஒன்றைத் தொடங்கினார். பார்த், எத்கார் மோரேன் இருவரும் கூட இருந்தார்கள். மறு ஆண்டு அவர்கள் ஓர் ஆய்விதழும் தொடங்கினார்கள். 1964 இல் பார்த் அதில் எழுதிய கட்டுரை எதைப் பற்றித் தெரியுமா? பன்சானி என்ற கம்பெனியின் சேமியா மாதிரி மாவுப்பண்ட விளம்பரம்! வலைப்பை ஒன்று திறந்திருக்கிறது, அதிலிருந்து பாக்கெட்டும் தக்காளியும் வெங்காயமும் காளானும் சரிந்து கிடக்கின்றன. அவ்வளவுதான் படம். பார்த் பக்கம் பக்கமாக எழுதுகிறார். திறந்த பை, இப்போதுதான் சந்தையிலிருந்து வந்தது என்கிறது. ஆகவே டப்பாவில் அடைத்த பண்டமும் புதிது போலத் தோன்றுகிறது. சிவப்பு, பச்சை, மஞ்சள் சேர்ந்து இத்தாலியை நினைவூட்டுகிறது. அந்தக் கம்பெனியோ பிரெஞ்சுக் கம்பெனி. அந்தப் பெயர் பிரெஞ்சுக்காரன் காதில்தான் இத்தாலியாக ஒலிக்கும். இத்தாலிக்காரனுக்கு அது சாதாரணப் பெயர்.

இதைப் படித்த பிறகு நம் ஊர்க் காப்பி விளம்பரத்தைப் பாருங்கள். பித்தளை டவரா, கோலம், ஈரத்தலைத் துண்டு, பின்னால் நாதஸ்வரம். பொடியில் எத்தனை பங்கு சிக்கரி என்று மட்டும் பெரிய எழுத்தில் இருக்காது. இப்படிப் பார்க்கப் பழகுவதுதான் ஊடகவியல். பார்த்தும் டாக்டர் பட்டம் வாங்காதவர் என்பது இன்னொரு வேடிக்கை. பிரான்சில் பல்கலைக்கழகங்கள் தகவல், தொடர்பு அறிவியலைத் தனித் துறையாக ஏற்றது 1975 இல்தான்.

நம் நாட்டுக்குத் திரும்புகிறேன். யுனெஸ்கோ, ஃபோர்டு அறக்கட்டளை வழியாக வந்த நிபுணர்கள், அவர்களில் நம் ஷ்ராமும் ஒருவர், இந்தியாவுக்கு ஒரு பயிற்சி நிறுவனம் வேண்டும் என்று யோசனை சொன்னார்கள். 1965 ஆகஸ்ட் 17 அன்று டெல்லியில் இந்திய வெகுஜனத் தொடர்பு நிறுவனத்தை, அப்போது செய்தி ஒலிபரப்பு அமைச்சராக இருந்த இந்திரா காந்தி திறந்து வைத்தார்.

பத்து ஆண்டு கழித்து, 1975 ஆகஸ்ட் 1 முதல், அமெரிக்காவிடம் ஓராண்டுக்குக் கடன் வாங்கிய செயற்கைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களில் 2400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி போனது. ஆந்திரா, கர்நாடகம் இருந்தன, தமிழ்நாடு இல்லை. நமக்கு அந்த மாதம் 15 ஆம் தேதி சென்னைத் தொலைக்காட்சி வந்தது, அது வேறு. அந்தக் கிராமங்களில் கோழிக்கூண்டுக்குப் போடுகிற கம்பி வலையில் பத்தடி அகல ஆன்டெனா செய்து நிறுத்தினார்கள். மின்சாரம் இல்லாத ஊருக்கு பேட்டரி. காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு, மாலையில் ஊருக்கு: விவசாயம், சுகாதாரம், குடும்பக் கட்டுப்பாடு. ஆராய்ச்சியாளர்கள் கிராமத்திலேயே தங்கி, யார் பார்க்கிறார்கள், யார் பாதியில் எழுந்து போகிறார்கள் என்று எழுதினார்கள். இந்தியாவில் தொடர்பியல் ஆராய்ச்சி என்றால் இன்றும் முதலில் சொல்வது இந்த முயற்சியைத்தான்.

தேதியைக் கவனித்தீர்களா? நெருக்கடி நிலை வந்து ஐந்து வாரம். நகரத்துப் பத்திரிகைகள் தணிக்கை அதிகாரியிடம் புரூஃப் காட்டிக்கொண்டிருந்த நேரம். ஒரு கையால் கிராமத்துக்குப் புதுக் கண்ணைத் திறந்தார்கள், இன்னொரு கையால் நகரத்தின் வாயைப் பொத்தினார்கள். அரசாங்க ஊழியனாகிய நான் அன்று இதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை, எழுதவும் இல்லை. பேசுகிற காலமும் அதுவல்ல. 1976 ஜூலை 31 அன்று செயற்கைக்கோளின் கெடு முடிந்து படம் நின்றது.

முதுகலை என்ற பெயரில் இந்தப் படிப்பு நம் பல்கலைக்கழகங்களில் பரவியது அதற்குப் பிந்தைய ஆண்டுகளில்தான். எங்கள் காலாப்பட்டு மத்தியப் பல்கலைக்கழகத்திலும் இப்போது இத்துறை இருக்கிறது. பட்டம் இருந்தால்தான் வேலை என்று நம் நாட்டில் சட்டம் கிடையாது. பிரான்சில் பத்திரிகையாளர் அடையாள அட்டையைக் கொண்டுவந்த 1935 ஆம் ஆண்டுச் சட்டமே, பத்திரிகை வேலைதான் ஒருவரின் முக்கியமான பிழைப்பா என்று கேட்கிறதே தவிர, பட்டம் எங்கே என்று கேட்பதில்லை.

கடைசியாக, புத்தகம் வாங்கப் போகிற பிள்ளைகளுக்கு ஒரு குறிப்பு. பத்திரிகைச் சட்டம் பற்றிய பழைய பாடநூல்களில் 1867 ஆம் ஆண்டுப் பத்திரிகை, புத்தகப் பதிவுச் சட்டம் என்று விரிவாக இருக்கும். அந்தச் சட்டம் போய்விட்டது. 2023 இல் நிறைவேறிய புதிய பதிவுச் சட்டம் 2024 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. சண்டே மார்க்கெட்டில் பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று பழைய பதிப்பை வாங்கிவிடாதீர்கள். அந்த அத்தியாயத்தை மட்டுமாவது புதிதாகத் தேடிப் படித்துக்கொள்ளுங்கள்.